இரண்டு கையிலும் காப்புக் கட்டிய ஊழியக்காரர்கள்

தெற்கே ஒரு வேதாகமக் கல்லூரி இருந்தது. அங்கே புத்திசாலி மாணவர்களும் உண்டு. கோடை ஊழியத்துக்கு ஆள் கேட்டபோது அவர்கள் எல்லாருக்கும் ஒரே நாளில் காய்ச்சல் வந்துவிட்டது. மிஞ்சியவர்கள் தேவஇரக்கம், சாலமோன்ராஜ், யோவேல். மூவரும் சொன்ன சொல்லைத் தட்டாத பிள்ளைகள். அவர்களிடம் இருந்த ஒரே கோளாறு அதுதான்.

பிரின்சிபல் மனோகரம் ஐயா அவர்களை வரிசையாக நிறுத்தி வைத்துச் சொன்னார்.

"கொங்குப் பக்கம் கருவேலம்பாளையம் என்று ஒரு ஊர். நம் ஆட்கள் ஒருவர்கூட அங்கே இல்லை. வாயால் பிரசங்கம் பண்ணி வம்பை விலைக்கு வாங்காதீர்கள். அன்பாகக் கொடுப்பது எதுவானாலும் மறுக்காதீர்கள். எதைச் செய்யச் சொன்னாலும் இரண்டு மடங்காகச் செய்யுங்கள். நான் ஜீப்பில் வந்து நிற்கும்போது, ஒருவராவது தானாக முன்வந்து 'உங்களோடு வருகிறேன்' என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் உங்களுக்கு மூன்றாம் வருஷ வகுப்பு கிடையாது. மூட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்."

வீடு என்றதும் தேவஇரக்கத்துக்கு அம்மா ஞாபகம் வந்தது. அவன் பிறப்பதற்கு முன்பே ஊழியத்துக்கென்று அவனை நேர்ந்துவிட்டவள் அவன் அம்மா. பாதியில் திரும்பிப் போனால் வாசலிலேயே நிறுத்திவிடுவாள்.

அவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கியபோது கருவேலம்பாளையத்தில் மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிக்கொண்டிருந்தார்கள். விரதம் இருப்பவர்களின் வலது கையில் பூசாரி சென்னியப்பன் மஞ்சள் தோய்த்த நூலைக் கட்டுவார். கட்டிவிட்டால், திருவிழா முடிந்து அதை அவிழ்க்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. இது நம் மூவருக்கும் தெரியாது. வரிசை ஒன்று நிற்பதைப் பார்த்தார்கள். விடுதியில் சோற்றுக்கு நின்ற பழக்கத்தில் போய் நின்றுகொண்டார்கள்.

"தம்பிகளும் கட்டிக்கிறீங்களா?" என்று கேட்டார் பூசாரி.

மூவரும் ஓரமாக ஒதுங்கி ஆலோசனை பண்ணினார்கள்.

"ஏல, இத வாங்கலாமா?" என்றான் யோவேல்.

"அன்பாக் குடுக்காவளா, கோவமாக் குடுக்காவளான்னு மொதல்ல பாக்கணும்" என்றான் தேவஇரக்கம்.

சாலமோன்ராஜ் போய்ப் பூசாரியின் முகத்தை மிக அருகில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினான். "சிரிக்காரு."

"அப்பம் மறுக்கக் கூடாது."

பூசாரி கையை நீட்டச் சொன்னார். ஒரு கையை நீட்டச் சொன்னால் இரண்டு மடங்கு எவ்வளவு என்று அவர்களுக்குத் தெரியும். கணக்கில் அவர்கள் அவ்வளவு மோசமில்லை. ஆளுக்கு இரண்டு கையையும் நீட்டினார்கள். கூட்ட அவசரத்தில் பூசாரியும் கட்டிவிட்டார். பின்னால் நின்ற பெண்கள் வாயில் கை வைத்தார்கள். இரட்டைக் காப்பு அந்த ஊர் கண்டதே இல்லை.

அன்றிலிருந்து மூவருக்கும் பாவாத்தாள் என்கிற அம்மாள் வீட்டில் சாப்பாடு. மறுநாள் காலையில் அவள், "இடுப்புப் புடிச்சுக்கிச்சு கண்ணு, கம்பத்துக்கு ஒரு கொடம் தண்ணி ஊத்தீட்டு வாங்க" என்றாள். கம்பம் என்பது வெட்டி வந்து கோயில் வாசலில் நட்டு வைத்த முக்கிளை வேப்பமரம். அம்மனுக்குப் புருஷன் என்று நினைத்து ஊர்ப் பெண்கள் தினமும் அதற்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். நம் ஆட்கள் இரண்டு குடம் ஊற்றினார்கள். அதைப் பார்த்த தெருப் பெண்கள் எல்லாருக்கும் உடனே இடுப்புப் பிடித்துக்கொண்டது. அத்தனை வீட்டுக்கும் இரண்டு மடங்காகச் சுமந்து ஊற்றி முடித்தபோது கோயில் வாசல் நாற்றுவிடலாம் போல் சேறாகியிருந்தது.

"புருஷன் சாயுதாரு" என்றான் யோவேல்.

"சாஞ்சா என்ன செய்யணும்னு ஐயா ஒண்ணும் சொல்லலியே" என்றான் சாலமோன்ராஜ்.

"சொல்லாத காரியத்துல கை வைக்கக் கூடாது" என்றான் தேவஇரக்கம்.

கம்பம் இன்னும் சாய்ந்தது. அந்த வழியாக வந்த கோயில் தர்மகர்த்தா நாச்சிமுத்து, "அடப் புடிங்கப்பா" என்றார். பிடித்தார்கள். எப்போது விடுவது என்று அவர் சொல்லவில்லை. அதனால் வெயில் தாழ்ந்து சேறு காய்ந்து இறுகிய பிறகும் மூவரும் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டே நின்றார்கள். சனம் வந்து பார்த்துக் கண் கலங்கியது. பிள்ளைகளைக் கொண்டுவந்து அவர்கள் காலடியில் போட்டு எடுத்தார்கள்.

பூசாரிக்குத்தான் பொறுக்கவில்லை. "அப்பன் காலத்துலிருந்து பூசை பண்றேன். என்னையப் பாத்து ஒரு நாய் கண்ணுல தண்ணி விட்டதில்லீங்க" என்று டீக்கடையில் சொல்லிப் புலம்பினார். எனக்கும் அவரை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது.

கடைசியாகக் குண்டம் வந்தது. நெருப்பைப் பரப்பி, ஒரு முனையில் இறங்கி மறுமுனையில் ஏறுவார்கள்.

"தம்பிகளா, நீங்களும் ஒருக்கா எறங்கி ஏறுங்க" என்றார் நாச்சிமுத்து.

"ஏல, இது நெருப்புல்லா?" என்றான் யோவேல்.

"அன்பாத்தான குடுக்காவ" என்றான் தேவஇரக்கம். சொல்லும்போது அவனுக்கு அழுகை வந்துவிட்டது. ஆனாலும் அம்மா முகத்தை நினைத்துக்கொண்டு இறங்கினான். மற்ற இருவரும் அவன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார்கள்.

மறுமுனையில் ஏறி மூச்சு விட்டபோது சாலமோன்ராஜ், "ஒருக்கான்னா சொன்னாவ?" என்று கேட்டான். அதைக் கேட்காமல் இருந்திருக்கலாம். மூவரும் திரும்பி, எதிரே வந்துகொண்டிருந்த பக்தர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு மறுபடி நெருப்பில் ஓடினார்கள். "அல்லேலூயா" என்று யோவேல் அலறினான். இரட்டைக் காப்புச் சாமிக்கு அருள் வந்துவிட்டது என்று எண்ணி ஊரே திருப்பி அலறியது.

ஜீப்பிலிருந்து மனோகரம் ஐயா இறங்கியது அந்த நேரத்தில்தான்.

ஊர் முழுக்க அல்லேலூயா சொல்வதைக் கேட்டு அவர் முகம் மலர்ந்தது. பிறகு மஞ்சள் வேட்டியும் கரிப்பாதமுமாக வந்த மாணவர்களைப் பார்த்தார். மலர்ந்தது அப்படியே வாடிப்போயிற்று.

"ஏறுங்கள் வண்டியில்" என்றார்.

"அது ஆகாதுங்க" என்றார் நாச்சிமுத்து. "வலது கைக் காப்ப நாளைக்கு அவுத்துருவோம். எடது கைக் காப்ப அவுக்க மொறையே இல்லீங்களே. அத அடுத்த வருசத்துக் காப்புன்னுதான் வெச்சுக்கோணும். அதுவரைக்கும் எல்லை தாண்டக் கூடாதுங்க. இனிப் பூசையவும் இவங்களே பாக்கட்டும்னு ஊர்ல பேசீட்டோம்."

ஐயா இதையெல்லாம் காதில் வாங்கவில்லை. "உங்களோடு வருகிறேன் என்று ஒருவராவது சொன்னாரா?" என்று மாணவர்களைக் கேட்டார்.

தேவஇரக்கம் கூட்டத்தைப் பார்த்துக் கை கூப்பினான். "யாராவது ஒராள் வாரேன்னு சொல்லுங்க. இல்லன்னா எங்கம்மா என்னைய வீட்டுல சேக்க மாட்டா" என்று தேம்பினான். கூட்டம் அவனோடு சேர்ந்து அழுதது. அழுதபடியே ஓரடி பின்வாங்கியது.

அப்போது பூசாரி சென்னியப்பன் காப்பில்லாத கையில் துணிப்பையோடு முன்னால் வந்தார். "நான் வர்றேனுங்க."

பூசாரி ஜீப்பின் முன்சீட்டில் ஏறி வசதியாக உட்கார்ந்தார்.

"மனசார வருகிறீரா?" என்று கேட்டார் ஐயா.

"மனசாரத்தானுங்க. இவங்களுக்கே மூணு வேளைச் சோறு போட்டுப் படிக்க வெக்கிற காலேசுன்னா, எனக்கு அங்க என்ன கொறை வந்துரப்போகுது?"

ஐயாவால் மறுக்க முடியவில்லை. நிபந்தனை அவர் போட்டதுதான். ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று.

"அப்பம் நமக்கு மூணாம் வருஷம் உண்டு" என்றான் தேவஇரக்கம். அவன் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"வகுப்பு அங்கல்லா நடக்கும்? நாம இங்கல்லா இருக்கோம்?" என்றான் யோவேல்.

சாலமோன்ராஜ் இதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தான். "நமக்குன்னு உள்ள வகுப்ப நாம இல்லாம எப்படில நடத்துவாவ? இங்கதான் வந்து நடத்தணும்."

மறுநாள் காலையில் மூவரும் குளித்துத் தலைவாரி, கோயில் சுவரைப் பார்த்தபடி சம்மணம் போட்டு உட்கார்ந்து வாத்தியாருக்காகக் காத்திருந்தார்கள். தண்ணீர்க் குடத்தோடு வந்த பாவாத்தாள் என்ன ஏதென்று கேட்காமல் குடத்தை இறக்கி வைத்துவிட்டு அவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து நாச்சிமுத்து உட்கார்ந்தார். மத்தியானத்துக்குள் ஊரே வரிசை வரிசையாக உட்கார்ந்துவிட்டது. உட்கார இடம் கிடைக்காத பக்கத்து ஊர்க்காரர்கள் நாளைக்கு வெள்ளெனவே வருகிறோம் என்று துண்டு போட்டுவிட்டுப் போனார்கள்.