வாய் திறக்காத குஞ்சுகள்

காட்டோரத்துக் களாப்புதருக்குள் பூவாயி என்ற கொண்டைக்குருவிக்கு மூன்று குஞ்சுகள் பொரிந்திருந்தன. கண் திறக்கவில்லை, உடம்பில் சிறகும் இல்லை. ஆனால் கிளை லேசாக ஆடினால் போதும், மூன்றும் கழுத்தை நீட்டி, வாயைப் பிளந்து, "கீ, கீ!" என்று கத்தும்.

பூவாயிக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்தீங்களா! கண்ணே தெறக்கலை, அதுக்குள்ள அம்மாவைத் தெரியுது!" என்றாள் கணவன் மருதனிடம்.

"காத்தடிச்சப்பவும் இப்படித்தான் வாயைப் பொளந்துச்சுங்க. காத்தும் அம்மாவா?"

"உங்களுக்குப் பிள்ளைங்க அருமை தெரியலை!" என்று அவனைக் கொத்தப் போனாள்.

அன்று முதல் புதர்ப்பக்கம் வந்த யாரும் தப்பவில்லை. அணிலுக்குக் கிளையை ஆட்டிக் காட்டினாள். வயிறு வலிக்கிறது என்று நழுவப் பார்த்த மைனாவையும் பிடித்து உட்கார வைத்தாள். "கிளையை ஆட்டினாலே போதும்க்கா, என் தங்கங்க பதில் சொல்லும்!" என்று காடு முழுக்கத் தம்பட்டம் அடித்தாள். அது செம்போத்தின் காதிலும் விழுந்தது. குஞ்சுகளைத் தின்றே கொழுத்த பறவை அது. சிவந்த கண்ணை உருட்டிக்கொண்டு கேட்டு வைத்துக்கொண்டது.

நாட்கள் போயின. குஞ்சுகளுக்குக் கண் திறந்தது, சிறகும் முளைத்தது. ஒரு காலை, அணிலும் மைனாவும் பார்த்திருக்க, பூவாயி கிளையை ஆட்டினாள். ஒன்றுகூட வாய் திறக்கவில்லை! மூன்றும் கூட்டோடு ஒட்டிப் படுத்துக்கொண்டன.

மைனா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. பூவாயிக்கு மானமே போய்விட்டது.

"ஐயோ, நேத்து வரைக்கும் செஞ்சதை மறந்துடுச்சுங்களே! என்ன நோவோ தெரியலையே!" என்று அழுதாள்.

"இரை கொடுத்தா வாங்கித் தின்னுதுங்க. விடேன்," என்றான் மருதன்.

அவள் விடுவாளா? அவன் இரை தேடப் போனதும் கிளையை ஆட்டி ஆட்டி, "வாயைத் தெற கண்ணு! ஒரு தடவை!" என்று கெஞ்சினாள். குஞ்சுகள் அவள் அலகைப் பார்த்தன. புழு இல்லை. கண்ணை மூடிக்கொண்டன.

கொழுத்த பச்சைப்புழு ஒன்று இருந்தால் மறுபடியும் பழக்கிவிடலாம் என்று பறந்து போனாள். புழுவோடு திரும்பியவள் பக்கத்து மரக்கிளையிலேயே நின்றுவிட்டாள். கீழே செம்போத்து ஒவ்வொரு புதராக ஆட்டி, காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு வந்தது! கடைசியில் களாப்புதருக்கும் வந்தது.

கூச்சல் போட்டால் கூடு இருக்கும் இடம் தெரிந்துவிடும். சும்மா இருக்கவும் முடியவில்லை. "வாயைத் தெறந்துடாதீங்க, கண்ணுங்களா!" என்று மனசுக்குள் மன்றாடினாள்.

செம்போத்து கிளையை ஆட்டியது. சத்தமில்லை. இன்னும் பலமாக உலுக்கியது. மூச்சு விடும் சத்தம்கூட இல்லை.

"சரியான புளுகி! குஞ்சு இருந்தா இந்நேரம் கத்தியிருக்குமே!" என்று திட்டிக்கொண்டே அது ஓடைப்பக்கம் போய்விட்டது.

பூவாயி கூட்டில் வந்து உட்கார்ந்தாள். அம்மாவின் அலகில் புழுவைக் கண்டதும் மூன்று வாய்களும் படாரென்று திறந்தன. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

மருதன் வந்து, "என்ன, மறுபடியும் பழக்கிட்டியா?" என்று கிண்டலாகக் கேட்டான்.

"போங்க! அதுங்க மறந்ததாலதான் இன்னைக்கு உசுரோட இருக்குதுங்க!" என்றாள் பூவாயி.

வளரும் பிள்ளை பழைய பழக்கம் ஒன்றை விட்டால், குறை என்று பதறாமல் பொறுமையாகக் கவனிக்க வேண்டும், அதுவும் வளர்ச்சிதான்.