கோரையன் சுட்ட உருளைக்கிழங்கு

சேறு நிறைந்த ஒரு குளத்தின் கரையில் கோரையன் என்ற காட்டுப்பன்றி தன் மனைவி மருதாயியோடும் மகள் காயாம்பூவோடும் வாழ்ந்து வந்தான். கோரையனுக்கு இரண்டு பெருமைகள் உண்டு. ஒன்று, அவனுடைய வளைந்த பற்கள். மற்றொன்று, அவன் சுடும் உருளைக்கிழங்கு. பற்களைப் பற்றி அவன் மட்டும்தான் பேசுவான். கிழங்கைப் பற்றிக் காடே பேசும்.

ஒரு நாள் காலையில் ஊளையப்பன் மூச்சிரைக்க ஓடி வந்தான். அந்தக் காட்டில் இருந்த ஒரே நரி அவன்தான். கல்யாணத் தரகு அவன் தொழில்.

"அண்ணே, நல்ல சேதி! மேட்டுக்காட்டு சேற்றழகன் வீட்டுல இருந்து இன்னைக்கு மத்தியானம் பொண்ணு பார்க்க வர்றாங்க! நானே போய்க் கூட்டிட்டு வரேன்!"

காயாம்பூ காதுகளை மடக்கிக்கொண்டு புதருக்குள் ஓடினாள். போன மழையில் குளத்தின் அக்கரையில் சேற்றழகன் புரண்டதை அவள் பார்த்திருக்கிறாள். அப்படி ஒரு புரளலை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. அன்றிலிருந்து அவளுக்குச் சாப்பாடே சரியாக இறங்கவில்லை.

"ஒரே ஒரு விஷயம் அண்ணே," என்று நரி குரலைத் தாழ்த்தினான். "பையனோட அம்மா அங்காயி ரொம்பக் கறார். இலை முன்னாடி உட்கார்ந்ததும் 'தொட்டுக்க என்ன?'ன்னு கேட்பாங்க. அது சரியில்லன்னா எழுந்து போயிடுவாங்க. இதுவரைக்கும் மூணு வீட்டுல எழுந்துட்டாங்க!"

"தொட்டுக்கத்தானே? அதை என்கிட்ட விடு!" என்றான் கோரையன். அவன் நெஞ்சு ஒரு சாண் உயர்ந்தது.

மருதாயி தினைக்களி கிண்டினாள். கோரையன் காட்டோரத்து மண்ணைக் கிளறிப் பன்னிரண்டு உருளைக்கிழங்குகளைக் கொண்டு வந்தான். எல்லாம் ஒரே அளவு, ஒன்றே ஒன்றுதான் சற்றுச் சிறியது. ஓடையில் மண் போகக் கழுவினான். தோலை உரிக்கவில்லை. ஒவ்வொரு கிழங்கையும் முள்ளால் நாலு இடத்தில் குத்தினான். குத்தாவிட்டால் சூட்டில் வெடித்துவிடும் அல்லவா? பிறகு மலைப்பூண்டை நசுக்கி, காட்டுமிளகைத் தட்டி, கல்லுப்பும் சேர்த்து மேலெல்லாம் தேய்த்தான். வாழை இலையில் சுற்றினான். தணலைப் பரப்பி, கிழங்குகளை அடுக்கி, மேலே சூடான சாம்பலைப் போட்டு மூடினான். அவ்வளவுதான் சமையல். இதில் கெட்டுப்போக ஒன்றுமே இல்லை, செய்கிறவன் சும்மா இருந்தால்!

மருதாயிக்குத் தன் கணவனைத் தெரியும்.

"ஏங்க, சாம்பலைக் கிளறாதீங்க! சூடு போயிடும். இந்த மரத்தோட நிழல் வேருக்கு வர்ற வரைக்கும் மூக்கை உள்ள விடவே கூடாது. தெரியுதா?"

"கிழங்கு சுடுறதுக்கு எனக்கே பாடமா? நீ போய்ப் பொண்ணைச் சிங்காரி!"

தாயும் மகளும் சிங்காரிக்கக் குளத்துக்குப் போனார்கள். பன்றி வீட்டுச் சிங்காரம் என்றால் சேற்றுக் குளியல்தான். நல்ல கறுப்புச் சேறாகப் பார்த்துப் பூச வேண்டும். அதற்கு நேரம் ஆகும்.

கோரையன் சாம்பல் குவியலின் பக்கத்தில் தனியாக உட்கார்ந்தான். சற்று நேரத்தில் பூண்டு வாசனை வந்தது. அதன் பின்னாலேயே மிளகு வாசனையும் வந்தது. மூக்கு தானாகவே நீண்டது.

"வெந்திருக்கான்னு ஒண்ணே ஒண்ணு பார்த்துடுவோம். வேகாததைப் போட்டு அவமானப்படக் கூடாது பாரு!"

ஓரத்தில் இருந்த ஒன்றை எடுத்துத் தின்றான். நடுவில் கொஞ்சம் வேகவில்லை.

"இது ஓரத்துக் கிழங்கு. நடுவுல இருக்கிறது வேற மாதிரி இருக்கும்."

நடுவில் இருந்த ஒன்றையும் தின்றான். அதுவும் அரைவேக்காடுதான். ஆனாலும் என்ன சுவை! பிறகு மிச்சத்தை எண்ணினான். பத்து!

"பத்தா? சுபகாரியத்துக்கு இரட்டைப்படையா? ஆகவே ஆகாது!"

ஒன்றைத் தின்று ஒன்பது ஆக்கினான். அப்போதுதான் உப்பைச் சரிபார்க்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. உப்புப் பார்த்ததில் எட்டு ஆனது. எட்டு இரட்டைப்படை. அதை ஏழு ஆக்கினான். அந்தச் சிறிய கிழங்கு கண்ணில் பட்டது. "இதைப் பரிமாறினா நம்ம வீட்டைப் பத்தி என்ன நினைப்பாங்க?" என்று அதையும் தின்றான். ஆறு ஆனது. ஆறும் ஆகாது, ஐந்து ஆனது. ஒன்றில் தோல் கிழிந்திருந்தது. அதைத் தின்றதும் நாலு. நாலை அப்படியே விட முடியுமா? மூன்று ஆனது.

"மூணு! யாருக்காவது மூணு வைப்பாங்களா?" என்று பதறினான் கோரையன். ஒன்றைத் தின்றான். இரண்டு என்பது இரட்டைப்படை. இன்னொன்றையும் தின்றான்.

ஒரே ஒரு கிழங்கு மிஞ்சியது. "ஒண்ணும் ஒற்றைப்படைதான்!" என்று திருப்தியாக ஏப்பம் விட்டான். அந்த ஏப்பத்துக்குப் பிறகுதான் அவனுக்குப் புத்தி வந்தது. பன்னிரண்டில் பதினொன்று தன் வயிற்றில் இருக்கிறது! மிஞ்சிய ஒன்றின் மேல் தணலையும் சாம்பலையும் அவசர அவசரமாகத் தள்ளி மூடினான்.

அதற்குள் பேச்சுக் குரல் கேட்டது. முன்னால் அங்காயி வந்தாள். அவளுக்குப் பின்னால் மகன் சேற்றழகன். கடைசியில், ஒரு வெறுங்கூடையைத் தூக்கிக்கொண்டு அவள் கணவன் பூசணியன் உருண்டு உருண்டு வந்தான். குளத்திலிருந்து மருதாயியும் காயாம்பூவும் வந்து சேர்ந்தார்கள்.

"வெறுங்கையோட வந்ததுக்கு மன்னிக்கணும்," என்றாள் அங்காயி. "கூடை நிறைய மலைவாழைப்பழம் எடுத்துட்டுக் கிளம்பினோம். வழியில குரங்குங்க பிடுங்கிட்டுப் போயிடுச்சாம். பின்னால சுமந்துட்டு வந்த இவருதான் சொன்னாரு."

பூசணியன் மரத்து உச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

சேற்றழகனும் காயாம்பூவும் ஒருவரையொருவர் பார்த்தார்கள், உடனே தரையைப் பார்த்தார்கள். இலைகள் போட்டாகிவிட்டது. ஆவி பறக்கத் தினைக்களி வந்தது. அங்காயி உட்கார்ந்தாள்.

"தொட்டுக்க என்ன?"

மருதாயி சிரித்த முகத்தோடு கணவனைப் பார்த்தாள். கோரையன் வாயில் வந்தது ஒரே ஒரு சொல்தான்.

"நரி!"

"என்னது?"

"நரி வந்து எல்லாக் கிழங்கையும் தின்னுட்டுப் போயிடுச்சு! இப்பதான், நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி! நான் துரத்தினேன், பிடிக்க முடியல!"

"எந்த நரி?" என்று அங்காயி கேட்டாள்.

"இந்தக் காட்டுல இருக்கிறதே ஒரே நரி. திருட்டுப் பயல்! அவன்தான்!"

"யாரு, நானா?" என்று ஒரு குரல் கேட்டது. ஓடையில் கால் கழுவிவிட்டு ஊளையப்பன் அப்போதுதான் வந்து நின்றான். "அண்ணே, காலையில இருந்து நான் இவங்க கூடத்தானே இருக்கேன்!"

"ஆமாம், எங்களை விட்டு அஞ்சு நிமிஷம்கூட இவர் அந்தப்பக்கம் போகல," என்றாள் அங்காயி.

ஊளையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஆடு காணோமா, நரி! கோழி காணோமா, நரி! இப்ப கிழங்குக்கும் நரியா? கிழங்கு தின்னா எனக்கு வயித்து வலி வரும்னு உங்களுக்குத் தெரியாதா? மூணு மாசமா உங்க பொண்ணுக்காகக் காடு காடா அலைஞ்சேனே அண்ணே! அதுக்கு இதுதானா?"

அங்காயி எழுந்துவிட்டாள்.

"தொட்டுக்க இல்லன்னாகூட இன்னைக்குப் பொறுத்திருப்பேன். வாய் கூசாமப் பொய் சொல்லி, உதவி செஞ்சவன் மேல பழி போடுற வீட்டுல எனக்குச் சம்பந்தம் வேணாம்! கிளம்புடா சேற்றழகா!"

சேற்றழகன் எழுந்திருக்க மனமில்லாமல் எழுந்தான். காயாம்பூவின் கன்னத்தில் பூசிய சேற்றின் மேல் கண்ணீர் கோடு போட்டது. கோரையன் அதைப் பார்த்தான். பதினொரு கிழங்கும் வயிற்றில் கல்லாகக் கனத்தன. பாவம், அவன் பெருந்தீனிக்காரன்தான். ஆனால் மகள் மேல் உயிரையே வைத்திருந்தான்.

"நில்லுங்க!" என்று கத்தினான். "நான்தான் தின்னேன்! நரி தின்னல, நான் தின்னேன்! வெந்திருக்கான்னு பார்த்தேன். அப்புறம் உப்புப் பார்த்தேன். அப்புறம் ஒற்றைப்படை ஆக்கினேன். ஆக்கி ஆக்கி எல்லாம் தீர்ந்து போச்சு! ஊளையப்பா, உன் மேல பழி போட்டது பெரிய பாவம். என்னை நாலு அடி அடி! என் பொண்ணு மேல எந்தத் தப்பும் இல்லம்மா, அவளை வேணாம்னு சொல்லாதீங்க!"

திடீரென்று பூசணியன் கையிலிருந்த கூடை கீழே விழுந்தது.

"சம்பந்தி!" என்று அவன் ஓடிவந்து கோரையனைக் கட்டிக்கொண்டான். "எனக்கும் இதே கதிதான்! குரங்கும் இல்ல, ஒண்ணும் இல்ல! பழுத்திருக்கான்னு ஒரு பழம் பார்த்தேன். மிச்சம் பதினாறு ஆச்சு. பதினாறு இரட்டைப்படையாச்சே!"

அங்காயி தன் கணவனை முறைத்தாள். அப்படியே கோரையனையும் முறைத்தாள். பிறகு அவளால் அடக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இத்தனை வருஷம் இவரோட குடும்பம் நடத்துறேன். தின்னதுக்கு ஒரு நாளும் நான் கோவிச்சதில்ல. பொய்தான் எனக்கு ஆகாது. ரெண்டு பேரும் உண்மையைக் கக்கிட்டீங்க. உட்காருங்க எல்லாரும்!"

"இன்னும் ஒரு கிழங்கு இருக்கு," என்றான் கோரையன் மெதுவாக.

இவ்வளவு நேரம் யாரும் கிளறாததால் அந்த ஒன்று மட்டும் பூப்போல வெந்திருந்தது. மருதாயி அதை ஏழு துண்டாக்கினாள். ஊளையப்பன் தன் துண்டைக் காயாம்பூவுக்கே கொடுத்துவிட்டான். அங்காயி தன் பங்கைக் களியோடு தொட்டு வாயில் போட்டாள். கண்ணை மூடினாள்.

"அடடா! இந்தக் கிழங்குக்காகவே இந்தச் சம்பந்தம்! தேதி குறிச்சிடுங்க. கல்யாணத்தன்னைக்கு இருநூறு கிழங்கு சுடணும். ஆனா இந்த ரெண்டு ஆம்பளைங்களும் அடுப்புப் பக்கமே வரக் கூடாது!"

"அப்ப காவலுக்கு யாரு?" என்றாள் மருதாயி.

கோரையன் தயங்கவில்லை. நரியின் முன்னால் தலை குனிந்து நின்றான்.

"ஊளையப்பா, நீதான்ப்பா இருக்கணும். உன்னை விட நம்பிக்கையான ஆள் இந்தக் காட்டுல எனக்கு இல்ல!"

ஊளையப்பன் மூக்கை உறிஞ்சினான். "அதைக் கல்யாணத்துக்கு வர்ற எல்லார் முன்னாடியும் சத்தமா ஒரு தடவை சொல்லணும் அண்ணே!" என்றான். கல்யாணத்தன்று கோரையன் சொன்னான், ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. கல்யாணப் பந்தியில் ஒரு கிழங்குகூடக் குறையவில்லை.

செய்த தவறை அடுத்தவர் தலையில் கட்டினால் இருக்கிற மதிப்பும் போய்விடும், நான்தான் செய்தேன் என்று துணிந்து சொன்னால் போன மதிப்பும் திரும்பி வரும்.