முப்பத்திரண்டு பேரின் மூச்சு

“யாரை முதல்ல பாக்கணும்னு கேட்டா மட்டும் எனக்குத் தப்பாவே போகுது, சார்” என்றாள் எமல்டா.

அவளுக்கு வயது நாற்பத்தொன்று. பதினெட்டு வருடமாக நர்ஸ். வெளிநாட்டு வேலைக்கான தேர்வை இரண்டு முறை எழுதித் தோற்றிருந்தாள். மூன்றாவதற்கு இன்னும் மூன்று வாரம். இதிலும் தவறினால், அங்கிருந்து வந்த வேலைக் கடிதம் செல்லாது.

பெர்க்மான்ஸ் அவளைவிட எட்டு வயது இளையவர். அதே ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். மாலையில் எதிரே ஜெராக்ஸ் கடை மாடியில் அந்தத் தேர்வுக்குப் பாடம் எடுப்பார். அந்த மாடியில் எல்லோருக்கும் அவர் சார்.

“என்ன கேள்வி, சிஸ்டர்?”

“நாலு நோயாளி. ஒருத்தர் கால்வலின்னு கத்துறார். ஒருத்தருக்கு சுகர் இருநூத்து நாப்பது. ஒருத்தருக்கு டிரிப் முடிஞ்சுபோச்சுன்னு பொண்டாட்டி சத்தம் போடுறா. நான் கத்துறவர்கிட்ட போனேன். நாலாவது ஆள்தான் சரியான விடைன்னு பின்னாடி போட்டிருக்கு. அந்தம்மா பாட்டுக்கு சும்மா இருக்காங்க, சார்!”

“அந்தம்மாவைப் பத்தி என்ன போட்டிருக்கு?”

“இடுப்பெலும்பு ஆபரேஷன், மூணாம் நாள். தொந்தரவு ஒண்ணுமில்லங்கறாங்க. தலகாணியை உசத்தி வைக்கச் சொல்றாங்க. பிரஷர் நார்மல். காய்ச்சல் இல்ல.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

பெர்க்மான்ஸ் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். இன்னும் ஒரு வரி இருந்தது. அவர் அதை வாய்விட்டுப் படிக்கவில்லை.

“இன்னைக்கு வார்டுல எழுதின துண்டுச்சீட்டு இருக்கா?”

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். முப்பத்திரண்டு படுக்கை. பிரஷர், நாடி, காய்ச்சல், மூச்சு.

கடைசி வரிசையை மட்டும் மேலிருந்து கீழே வாசித்தார்.

“இருபது. இருபது. இருபது. இருபது…”

பின் பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“உங்க வார்டுல எல்லாரும் பேசிவச்சுக்கிட்டா மூச்சு விடுறாங்க?”

எமல்டாவும் சிரித்துவிட்டாள். “எல்லாரும் அப்படித்தானே சார் போடுறோம். ஆளுக்கு ஒரு நிமிஷம் எண்ணினா அரைமணி நேரம் போயிருமே. ஏன், நீங்க போட்டதே இல்லையா?”

“போட்டிருக்கேன். ஆறு மணிக்கு ஒரு பெரியவருக்கு இருபதுன்னு போட்டேன்.”

“சரி?”

“அவர் அஞ்சரைக்கே போயிட்டார்.”

சிரிப்பு நின்றது.

அவர் எமல்டாவின் புத்தகத்தை மேஜை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார்.

“எண்ணிட்டு வாங்க. தர்றேன்.”

“எத்தனை பேருக்கு?”

“ஒருத்தருக்கு. முழு நிமிஷம்.”

*

மறுநாள் படியேறும்போதே சொன்னாள்.

“பதினெட்டு, சார். ஒன்பதாம் படுக்கை. புஸ்தகத்தைக் குடுங்க.”

“நீங்க எண்ணுறது அவருக்குத் தெரியுமா?”

“தெரியும். அசையாம படுங்க, மூச்சை எண்ணணும்னு சொல்லிட்டுத்தான் எண்ணினேன்.”

“அப்போ அது உங்களுக்காக விட்ட மூச்சு.”

எமல்டாவுக்குக் கோபம் வந்தது. “சார், நான் என்ன முதல் வருஷப் பிள்ளையா? எனக்குப் பரீட்சை. விளையாடாதீங்க.”

பெர்க்மான்ஸ் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். நாடி பார்க்கிற பிடிதான். கடிகாரத்தைத் திருப்பி வைத்துக்கொண்டார். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கீழே ஜெராக்ஸ் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

கையை விட்டார்.

“நாடி எவ்வளவு?” என்றாள்.

“தெரியாது. மூச்சு இருபத்தி நாலு. கோபத்துல இருக்கீங்க.”

எமல்டா தன் மணிக்கட்டைப் பார்த்தாள். பிறகு இறங்கிப் போனாள்.

*

அடுத்த நாள் காலை. பதினாறாம் படுக்கைக்காரி, ஊசி போடச் சொல்லி வார்டையே இரண்டாக்கிக்கொண்டிருந்தாள். எமல்டா அங்கேதான் போய்க்கொண்டிருந்தாள்.

பதினேழில் தாசம்மாள். கர்ப்பப்பை எடுத்து நான்காம் நாள். நாளைக்கு வீடு.

“எப்படி இருக்கீங்க?”

“எனக்கு ஒண்ணுமில்ல, மக்ளே. அந்தப் பிள்ளையப் போய்ப் பாரு. பாவம், கெடந்து கத்துது.” நடுவில் ஒருமுறை நிறுத்திக்கொண்டாள். “இந்தத் தலகாணிய மட்டும்… கொஞ்சம் உசத்தி வச்சிட்டுப் போ.”

எமல்டா தலையணையை உயர்த்தி வைத்தாள். இரண்டடி எடுத்து வைத்தவள் நின்றாள்.

திரும்பி வந்து தாசம்மாளின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“நாடியா?”

“ஆமா.”

கண்ணை நெஞ்சின்மேல் வைத்தாள்.

போர்வையின் ஓரம் ஏறியது. இறங்கியது. ஏறியது. கழுத்தெலும்புக்கு மேலே இருக்கும் சிறு குழி ஒவ்வொரு தரமும் உள்ளே போய் வந்தது. அந்தக் குழியை எமல்டா பதினெட்டு வருடத்தில் பார்த்ததே இல்லை. மூக்கின் விளிம்பு விரிந்தது. தாசம்மாள் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள். அந்தச் சிரிப்புக்குக் கீழே ஓர் உடம்பு தனியாக, யாரிடமும் சொல்லாமல், மலை ஏறிக்கொண்டிருந்தது.

பதினேழு என்று எண்ணியபோது கடிகாரத்தைப் பார்த்தாள். பாதி நிமிடம்தான் போயிருந்தது.

பக்கத்துக் கத்தல் அவள் காதில் விழவில்லை.

முப்பத்து நான்கு.

போனில் டாக்டர் கேட்டார். “பிரஷர்?”

“நார்மல்.”

“ஆக்ஸிஜன்?”

“தொண்ணூத்தி நாலு.”

“காய்ச்சல்?”

“இல்ல.”

“பெறகென்ன, சிஸ்டர்? காலைல சார்ட்ல மூச்சு இருபதுன்னு நீங்கதானே போட்டிருக்கீங்க?”

“அது நான் எண்ணாம போட்டது, டாக்டர். இது எண்ணினது. முப்பத்தி நாலு. முழு நிமிஷம்.”



“வர்றேன்.”

மதியத்துக்குள் தாசம்மாளை மேலே தீவிர சிகிச்சைக்கு ஏற்றினார்கள். நுரையீரலில் ரத்தக்கட்டி. லிஃப்ட் கதவு மூடும்போதும், “அந்தப் பிள்ளைக்கு ஊசி போட்டாச்சா?” என்று கேட்டுக்கொண்டுதான் போனாள்.

*

ஆறு நாள் எமல்டா மாடிக்கு வரவில்லை.

ஏழாம் நாள் வந்தாள். காலையில்தான் தாசம்மாளைத் தீவிர சிகிச்சையிலிருந்து வார்டுக்கு இறக்கியிருந்தார்கள். அந்தப் பிரிவிலேயே வேலை பார்க்கும் பெர்க்மான்ஸுக்கு அது தெரியும். எமல்டா துண்டுச்சீட்டை மேஜைமேல் வைத்தாள்.

அவர் வாசிக்கத் தொடங்கினார்.

“பதினெட்டு. பதினாலு. இருபத்திரெண்டு. பதினாறு. பதினாறு. பதினேழு. இருபத்தாறு…”

இருபத்தாறின் பக்கத்தில், டாக்டரிடம் சொன்ன நேரம் பொடி எழுத்தில் இருந்தது.

வகுப்பில் யாரும் அசையவில்லை. முப்பத்திரண்டு பேர் ஒவ்வொருவராக அந்த மாடிக்கு வந்து, ஒரு நிமிடம் மூச்சுவிட்டுப் போனார்கள். அவர் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. எப்போது எழுந்து நின்றார் என்று அவருக்கே தெரியவில்லை.

கடைசிக்குச் சற்று முன்னால் நிறுத்தினார்.

“இங்க ஒரு இருபது இருக்கே.”

“அது நெஜமாவே இருபது, சார்.”

அவர் இழுப்பறையைத் திறந்தார். புத்தகத்தை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார்.

எமல்டா அந்தப் பக்கத்தைப் புரட்டினாள். நான்காவது நோயாளி. தலையணை. பிரஷர். காய்ச்சல். அதற்கும் கீழே விரல் போய் நின்றது.

‘மூச்சு, நிமிடத்துக்கு முப்பது.’

வெகுநேரம் விரலை எடுக்கவில்லை.

“சார், இந்த வரி… அன்னைக்கும் இங்கதான் இருந்துச்சா?”