மண்ணுக்குள் பிள்ளை வைத்தவள்

செடிகொடிக்கும் பறவைக்கும் வாய்ப்பேச்சு இருந்த அந்தக் காலத்தில், வேர்க்கடலைச் செடியும் மற்றச் செடிகளைப் போலக் கிளையில்தான் காய்த்தது. ஆனால் குட்டைச் செடி. காய் முற்றுவதற்குள் கிளி உரித்துத் தின்றுவிடும். அப்படித் தின்று தீர்த்ததில், கடைசியாக ஒரே ஒருத்திதான் அந்தக் கொல்லையில் மிஞ்சினாள்.

அவளுக்குப் பூக்கவே பயம். பூத்தால் கிளிக்குத் தெரிந்துவிடும். பூக்காவிட்டால் குலமே தன்னோடு முடிந்துபோகும்.

"பூத்துத் தொலையேன்டி! எதற்கு இந்தப் பெருமூச்சு?" என்றாள் பக்கத்தில் ஆளுயரம் நின்ற துவரை.

"உனக்கென்ன அக்கா, நூறு காய் போனாலும் இருநூறு நிற்கும்."

ஒரு காலையில் மனசைத் திடப்படுத்திக்கொண்டு மஞ்சளாகப் பூத்தாள். மகரந்தம் சூலில் சேர்ந்தது. வேலியிலிருந்து கிளி கூவியது: "ஆத்தா, முற்றினதும் சொல்லி அனுப்பு!"

வேர்க்கடலை உடனே குனிந்து மண்ணிடம் கேட்டாள்: "என் பிள்ளையை ஒளித்து வைப்பாயா?"

"என்னிடம் வேர்தான் வரும். பூ வந்ததே இல்லை. இதழும் பவிசுமாக வந்தால் அழுகிப்போவாய்" என்றது மண்.

மத்தியானத்துக்குள் இதழையெல்லாம் வாடவிட்டாள். சூலின் அடியை ஊசி மாதிரி நீட்டி, நாளுக்கு நாள் கீழே இறக்கினாள்.

"என்னடி இது, பூத்தவள் இப்படித் தலை குனிவாளா?" துவரை விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஊசி மண்ணைத் தொட்டது. குத்தியது. உள்ளே போயே போய்விட்டது! அடுத்தடுத்துப் பூத்த நாற்பது பூவையும் அப்படியே இறக்கினாள்.

கிளி வந்தது. இலை இலையாகப் புரட்டியது.

"காயெல்லாம் எங்கே ஆத்தா?"

"பூத்ததை நீதானே பார்த்தாய்? தேடு, நன்றாகத் தேடு!"

மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, கிளி துவரையின் தலையில் போய் உட்கார்ந்தது.

"ஐயையோ, என்னிடமா?" என்று அலறினாள் துவரை.

வேர்க்கடலையின் இலை பழுத்து உதிரும் வேளையில் மழை பெய்தது. அவளைச் சுற்றி மண் வெடித்துப் பச்சை முளைகள் தலை தூக்கின. எண்ணத் தொடங்கியவள், எழுபதோடு எண்ணிக்கையை விட்டுவிட்டு, வாய்விட்டுச் சிரித்தாள்.

வேர்க்கடலை வெயிலில் பூத்து மண்ணுக்குள் காய்ப்பது அன்று முதல்தான். ஊசி இறங்கிய கொல்லையில் இன்றைக்கும் யாரும் களைக்கொத்துப் போடமாட்டார்கள்; உள்ளே பிள்ளைகள் இருக்கிறார்கள்.