உச்சியிலிருந்து மலையேறிய ராஜா

வீரசிகாமணி எனக்குச் செய்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அரண்மனைப் பல்லக்குகளுக்கெல்லாம் அவர்தான் மேலதிகாரி. முழுச் சபைக்கு முன்னால் என் தோளில் இருந்த காய்ப்பைக் கைத்தடியால் தட்டி, "சடையாண்டிக்கு மூளை இருக்கும் இடம் இதுதான்" என்றார். சபை சிரித்தது. நானும் சிரித்தேன். அதுதான் இன்னும் ஆறவில்லை.

கிணற்றுத் தண்ணீரைக் குனிந்து கையால் அள்ளிக் குடித்த காலம் அது. மஞ்சக்குன்ற நாட்டைக் கொற்றவேல் ராஜா ஆண்டுவந்தார். நான் அவர் பல்லக்கில் முன்கொம்பு பிடிப்பவன். அரண்மனைக்குப் பின்னால் அறுநூறு படி வெட்டிய மலை. கார்த்திகையன்று அரசன் தன் காலால் ஏறிப்போய் உச்சிக் கொப்பரையில் தீபம் ஏற்ற வேண்டும் என்பது அந்த நாட்டு வழக்கம்.

ராஜாவும் பதினோரு வருஷமாக முரசு முழங்கப் புறப்படுவார். நாற்பதாவது படியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். தளபதி போய் ஏற்றிவிட்டு வருவார். ஊர் ஜனங்கள் அதற்குத் 'தளபதி தீபம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயர் ஒரு நாள் ராஜாவின் காதில் விழுந்தது.

ஆடிக் கடைசியில் சபையைக் கூட்டினார். "இந்தக் கார்த்திகைக்கு என்னை நடந்து ஏறவைப்பவன் கேட்டதைத் தருவேன். வாக்குக் கொடுத்துவிட்டுத் தோற்றால் குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போய்விட வேண்டும். ஆனால் ஒன்று, அதிரசத்தைக் குறை என்று எவனும் சொல்லக் கூடாது!"

வைத்தியர் தரையைப் பார்த்தார். தளபதி கூரையைப் பார்த்தார். நான் கையைத் தூக்கினேன். வீரசிகாமணி என் தோளைத் தட்டியது அப்போதுதான்.

"என்னடா செய்யப் போகிறாய்?" என்றார் ராஜா.

"தினமும் விடிகாலையில் பல்லக்கில் உட்காருங்கள், மகாராஜா. நாங்கள் தூக்கிப்போய் உச்சிக்கு ஐந்து படி இருக்கும்போது இறக்கிவிடுகிறோம். அதை மட்டும் நடந்தால் போதும்."

"ஐந்து படியா? என் பூனைகூட ஏறும்!"

"ஒரு நாள்கூட விடாமல் ஏறுமா, மகாராஜா?"

ராஜா சிரிப்பை நிறுத்தினார். "நான் ஏறுகிறேன்" என்றார்.

வீட்டில் என் மனைவி மாடத்தி, "எந்த ஊருக்கு மூட்டை கட்டட்டும்?" என்று கேட்டாள். அவளுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும். பதினோரு வருஷம் பார்த்தவன் நான். அடியில் தொடங்கித் தொடங்கி, பாதியில் உட்காருவதைத்தான் அந்தக் கால் பழகியிருந்தது. போய்ச் சேருவதை அதற்குப் பழக்க வேண்டும்.

முதல் நாள் ராஜா ஐந்து படி ஏறி உச்சியில் நின்றார். சூரியன் வந்தது. கீழே வயலும் ஏரியும் ஊரும் விரித்துப் போட்டதுபோல் கிடந்தன. "இவ்வளவுமா என் நாடு?" என்றார். வெகுநேரம் அந்த இடத்தை விட்டு அசையவில்லை.

மறுநாள் உச்சிக்குப் பத்துப் படி இருக்கும்போது இறக்கினேன். அதற்கு மறுநாள் பதினைந்து. எனக்கு எண்ணத் தெரிந்தது கைவிரல் வரைக்கும்தான். இறக்கிய படியில் ஒரு சுண்ணாம்புப் பொட்டு வைப்பேன். அடுத்த நாள் அதற்கு ஒரு கைவிரல் எண்ணிக்கை, ஐந்து படி, கீழே. ராஜாவும் ஒன்றும் கேட்காமல் இறங்கி நடந்தார்.

ஐப்பசியில் ஒரு நாள் பேய்மழை. இன்று வேலை இல்லை என்று பல்லக்குத் தூக்கும் நாங்கள் நால்வரும் கொட்டகையில் சுருண்டு கிடந்தோம். வெளியே ஒரு குரல். "எங்கேடா போய்த் தொலைந்தீர்கள்?" எட்டிப் பார்த்தால் ராஜா! குடையில்லாமல், சொட்டச் சொட்ட நிற்கிறார். வீரசிகாமணி குடையோடு ஓடிவந்து, "ஒரு நாள் விட்டால் என்ன, அரசே?" என்றார்.

"இன்று விட்டால் நாளைக்கும் விடுவேன். என்னை எனக்குத் தெரியும்."

நான் ஓடிப்போய் முன்கொம்பைத் தூக்கினேன்.

கார்த்திகைக்கு முதல் நாள் வீரசிகாமணி சபையில் எழுந்தார். "அரசே, இவன் மோசக்காரன்! ஐந்து படி என்று உங்களிடம் வாக்குக் கொடுத்துவிட்டுத் தினமும் ஐந்தைந்து படி கீழே இறக்கினான். இன்று அடிவாரத்திலேயே இறக்கிவிட்டான். இவனை நாடு கடத்துங்கள்!"

மாடத்தி கட்டட்டுமா என்று கேட்ட மூட்டை கண்முன் வந்தது.

"தெரியும்" என்றார் ராஜா. "மழை நாளிலிருந்து நானும் எண்ணிக்கொண்டுதான் வருகிறேன். அன்று நானூறு படி. நான் வாயைத் திறந்தால் இவன் பயந்து நிறுத்துவான், இவன் நிறுத்தினால் நானும் நிறுத்திவிடுவேன் என்று பேசாமல் இருந்தேன்."

நான் அவரை ஏமாற்றுவதாக அல்லவா நினைத்திருந்தேன்! கை தானாகக் குவிந்தது.

ராஜா திரும்பினார். "வீரசிகாமணி, தினமும் ஐந்தைந்து என்று உனக்கு எப்படித் தெரியும்?"

"பின்னாலேயே வந்து எண்ணினேன், அரசே. ஒரு நாளும் தவறவில்லை."

"எதில் வந்தாய்?"

"நடந்துதான்..."

"அடியிலிருந்தா?"

"ஆமாம், அரசே."

"அடேயப்பா! நான் ஐந்து படியில் தொடங்கினேன். நீ முதல் நாளே அறுநூறும் ஏறியிருக்கிறாய். அதுவும் பொறாமையையும் சுமந்துகொண்டு!" சபை குலுங்கிச் சிரித்தது. இந்த முறை நான் மனசாரச் சிரித்தேன்.

மறுநாள் ராஜா முரசு வேண்டாம் என்றுவிட்டார். முதல் படியில் கால் வைத்தார். நாற்பதாவது படியில் ஊரே மூச்சைப் பிடித்தது. அவர் அதைக் கவனிக்கக்கூட இல்லை. பின்னால் வெறுந்தோளோடு நான் நடந்தேன். அந்தப் பாரம் எவ்வளவு என்று என் தோளுக்குத் தெரியும். அதை அவரே சுமந்து ஏறினார். உச்சியில் தீ எழுந்தது. கீழே வீட்டுக்கு வீடு விளக்குகள் ஏற்றினார்கள். யாரும் கூச்சல் போடவில்லை. அப்படியொரு அமைதியை நான் அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை.

"கேள், சடையாண்டி" என்றார் ராஜா.

"வீரசிகாமணி முன்கொம்பு பிடித்து, ஒரே ஒரு தடவை என்னைப் பல்லக்கில் உச்சிக்குத் தூக்கிப்போக வேண்டும், மகாராஜா."

"ஆகட்டும். அவனுக்குத்தான் நல்ல கால் இருக்கிறதே!"

நன்செய் நிலம் கேட்டிருக்கலாமே என்று மாடத்தி இன்றுவரை திட்டுகிறாள். வீரசிகாமணிக்கு மறுநாளே முழங்கால் வலி வந்தது. அப்புறம் கிரகணம். அப்புறம் மகள் கல்யாணம். ராஜாவும் போய்ச் சேர்ந்தார். நான் விடவில்லை. நேற்றும் வீரசிகாமணி வாசலில் போய் நின்றேன்.

"இந்த வயசில் உன்னைத் தூக்கினால் நான் செத்துப்போவேனடா!" என்றார்.

"உச்சியில் இறக்கிவிட்டு அப்புறம் சாகுங்கள்" என்றேன்.

கதவைச் சாத்திக்கொண்டார்.