மூணு முடிச்சு போட்ட கொடி

ஒரு ஊர்ல ஒரு தையக்காரி இருந்தா. பேரு வெள்ளத்தாயி. கடல் சீமையில பொறந்தவ, வயல் சீமைக்கு வாக்கப்பட்டவ. ஒரே மக செல்லக்கிளியை மலைச் சீமையில கட்டிக் குடுத்திருந்தா. ம் கொட்டு, அப்பத்தான் சொல்லுவேன். ஆங்.

மூணு சீமையையும் ஒரே ராசாதான் ஆண்டாரு. அவரு கொடியில ஒரு வாள் மட்டும் இருக்கும். அதைப் பார்த்துப் பார்த்தே எல்லாரும் வாயைப் பொத்திக்கிட்டுக் கிடந்தாங்க. அப்புறம் அவரு வாரிசு இல்லாமப் போய்ச் சேர்ந்தாரு. அப்போ சீமைக்கு ஒருத்தரா மூணு பெரியவங்க கூடி, "இனிமே வாள் வேணாம். மூணு பேருக்கும் சேர்த்து ஒரு புதுக்கொடி ஏத்துவோம். நல்லபடியா பறந்தா ஒரே நாடு. இல்லேன்னா அவங்கவங்க வழி, மலைப் பாதையை அடைச்சுடுவோம்"னு பேசி வச்சாங்க.

இதைக் கேட்டதுலருந்து வெள்ளத்தாயிக்கு மக நெனப்புதான். ஏன் தெரியுமா? செல்லக்கிளி நிறைமாசக்காரி. தலைப்பிரசவம்னா தாய் வீட்டுக்கு வரணும்ல? சம்பந்தி வீட்டுலயோ, கொடி ஏறட்டும், அப்புறம் அனுப்புறோம்னுட்டாங்க. பாதையை அடைச்சுட்டா எப்படி வருவா? இதுல கொடி தைக்கிற வேலையும் இவ தலையிலயே விழுந்துச்சு.

மலைக்குப் பச்சை, வெளைஞ்ச நெல்லுக்கு மஞ்சள், கடலுக்கு நீலம். துணி எடுத்தா, சரக் சரக்குனு வெட்டுனா. பச்சையை மேல வச்சுத் தச்சா. கடல் சீமைப் பெரியவரு பார்த்தாரு.

"நாங்க என்ன கால்மாட்டுலயா கெடக்கணும்?"

பிரிச்சா. நீலத்தை மேல வச்சா. மலைக்காரரு மொறைச்சாரு.

"கடல் மலைக்கு மேல ஏறுனா ஊரே முழுகிடும். அபசகுனம்."

நடுவுல இருந்த வயல்காரருக்கு மட்டும் ஒரு சள்ளையும் இல்ல, வெத்தல மென்னுக்கிட்டு இருந்தாரு. அப்புறம் வெள்ளத்தாயி என்ன பண்ணா? மூணு பட்டையையும் நட்டமா நிக்க வச்சுத் தச்சா. யாரும் மேல இல்ல, யாரும் கீழ இல்ல. பச்சையில ஆரம்பிச்சு, மஞ்சள்ல நெளிஞ்சு, நீலத்துல போய் முடியுற மாதிரி வெள்ளை நூலால ஒரு ஆறு ஓட்டுனா. மலையில பொறந்து, வயலுக்குப் பாய்ஞ்சு, கடல்ல சேருற ஆறு. மூணு பேரும் சரின்னு தலையை ஆட்டிட்டாங்க.

ம் காணோமே? தூங்கிட்டியா? சரி, கேளு.

கொடியேத்துற நாளும் வந்துச்சு. டும் டும்னு மேளம். வெள்ளத்தாயி கொடியை மடிச்சு, உள்ள பூவிதழைப் போட்டு, மேல ஒரே ஒரு சுருக்கு முடிச்சு போட்டுக் கம்பத்தடியில வச்சா. கயித்தைச் சுண்டுனா அவிழ்ந்து பூக் கொட்டணும்.

கொடி சர்ர்ருனு மேல போச்சு. வெள்ளத்தாயி சுண்டுனா. அவிழல. மறுபடி சுண்டுனா. ம்ஹூம். மூணாவது தடவை தொங்கி இழுத்தா. கொடி மூட்டையாட்டம் அப்படியே உக்காந்திருக்கு. மேளம் நின்னு போச்சு. "சகுனம் சரியில்லப்பா"ன்னு கூட்டத்துல ஒரு பேச்சு கெளம்புச்சு. அவளுக்கு மக முகம் கண்ணு முன்னாடி வந்துச்சு.

"கீழ எறக்குறேன்"னா. எறக்கிப் பார்த்தா, அவ முடிச்சுக்கு மேல இன்னும் மூணு முடிச்சு.

"யாரு பார்த்த வேலை இது?"

கடல்காரரு மெதுவா, "காத்துல அவிழ்ந்துடுமோன்னு நான் ஒரு வலை முடிச்சு போட்டேன், தாயி"ன்னாரு. "நான் தேனெடுக்குற கயித்து முடிச்சு"ன்னாரு மலைக்காரரு. வயல்காரரு வெத்தலைய முழுங்கிட்டு, "நான் கதிர்க்கட்டு முடிச்சு"ன்னாரு.

ஒருத்தருக்கொருத்தர் தெரியாமப் போட்டிருக்காங்க. பறக்கணுமேங்குற ஆசை, மூணு பேருக்கும்.

"மூணு முடிச்சு போட இது என்ன தாலியா? பறக்குறதுக்குய்யா இது"ன்னா வெள்ளத்தாயி. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துச்சு அவளுக்கு. "போட்டவங்களே அவுத்துடுங்க."

அவங்கவங்க முடிச்சை அவங்கவங்க அவுத்தாங்க. கொடி திரும்ப ஏறுச்சு. ஒரே சுண்டு. பொலபொலன்னு பூக் கொட்டுச்சு, படபடன்னு கொடி பறந்துச்சு. அப்பாடான்னு கம்பத்தடியிலயே உக்காந்துட்டா அவ.

மறுநாளே கூண்டு வண்டி ஜல் ஜல்லுனு மலையிலருந்து எறங்கி வந்துச்சு. செல்லக்கிளி வந்துட்டா. பேத்தியும் பொறந்தா. கொடி வெட்டுன மிச்சத் துணியில வெள்ளத்தாயி தூளி தச்சா. அப்புறம் அந்த மூணு பெரியவங்களையும் கூப்பிட்டு விட்டா.

"இப்பப் போடுங்கய்யா ஒங்க முடிச்சை. இதுதான் அவிழக் கூடாது."

போட்டாங்க. பிள்ளை அசந்து தூங்குச்சு. கொடியும் பறந்தாச்சு, மகளும் வந்தாச்சு, என் கதை முடிச்சும் அவிழ்ந்தாச்சு. ஒன் தூளி முடிச்சை நான் பார்த்துக்கிட்டேன், கெட்டியா இருக்கு. தூங்கு.