ஸ்டாண்டாக நின்ற மாப்பிள்ளை

வாழைக்கிணற்றில் மூன்று கூட்டாளிகள். காத்தவராயன் யோசனை சொல்பவன். சப்பாணிமுத்து அதற்குத் தலையாட்டுபவன். பொன்னம்பலம் கல்யாணத்துக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தவன். மூவருக்கும் பொதுவாக ஒரு பழைய மோட்டார் சைக்கிள். போனால் மூவரும் ஒன்றாகத்தான் போவார்கள். ஒருவனை விட்டுவிட்டுப் போனால் அவன் மனசு என்ன பாடுபடும்!

வண்டி பெட்ரோலை மோர் மாதிரிக் குடித்தது. மெக்கானிக் இசக்கியிடம் போனார்கள். வண்டியிலிருந்து வரிசையாக இறங்கிய மூன்று தடியன்களையும் இசக்கி மேலும் கீழும் பார்த்தார்.

"பாரத்தைக் குறைங்கடே. மைலேஜ் தானா வரும்."

வீட்டுக்கு வந்ததும் ஸ்பானரும் கையுமாக உட்கார்ந்துவிட்டார்கள்.

முதலில் கண்ணாடிகள் போயின. "பின்னாடி பாக்கத்தானலே இது? நாம முன்னாடில்லா போறோம்" என்றான் காத்தவராயன். இரண்டும் கழன்று தரைக்கு வந்தன.

அடுத்தது மட்கார்டு. மறுநாள் மழை. கடைசியில் உட்கார்ந்து வந்த சப்பாணிமுத்து வீட்டு வாசலில் இறங்கியபோது, "யாருப்பா நீ? யாரைப் பாக்கணும்?" என்று அவன் அம்மாவே கேட்டாள்.

சப்பாணிமுத்துக்கு ஒரு கவலை வந்தது. "ஏலே, சேத்துக்கும் எடை உண்டுல்லா? கழட்டின பாரம் சேறா வந்து ஏறிட்டே?"

காத்தவராயன் அவனைத் திருப்பி நிறுத்தி முதுகைப் பார்த்தான். "சேறு உன் முதுகுலதான இருக்கு? அது உன் கணக்கு. வண்டிக் கணக்குல வராது."

சப்பாணிமுத்து நிம்மதியாகக் குளிக்கப் போனான்.

பிறகு பிரேக்கைக் கழற்றினார்கள். "வண்டியை ஓட விடாமப் பிடிக்கிறதே இதுதான். இதையா இத்தனை நாளும் கூட வச்சிருந்தோம்!" என்று பொன்னம்பலத்துக்கு வருத்தமான வருத்தம்.

கடைசியில் ஸ்டாண்டு. "வண்டி ஓடும்போது இதுக்கு என்ன வேலை?"

"ஒரு வேலையும் கிடையாது. காலை மடக்கிக்கிட்டு ஓசியிலதான் வருது."

ஓசிப் பயணியை இறக்கிவிட்டார்கள். உடனே வண்டி விழுந்தது. தூக்கி நிறுத்திக் கையை விட்டார்கள். இந்தப் பக்கம் விழுந்த வண்டி, மாறுதலுக்கு அந்தப் பக்கம் விழுந்தது. ஆகவே நாளுக்கு ஒருவர் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு ஸ்டாண்டாக நிற்பது என்று முறை வைத்தார்கள். டீக்கடையில் இரண்டு பேர் உள்ளே உட்காருவார்கள். ஸ்டாண்டுக்கு டீ வெளியே போகும். முறையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் மாற்றக் கூடாது என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்திருந்தார்கள்.

அந்த ஆவணியில் கீழமங்கலத்திலிருந்து பொன்னம்பலத்துக்கு ஒரு சம்பந்தம் வந்தது. பெண் பெயர் மரகதவல்லி. பொன்னம்பலத்துக்கு அப்பா அம்மா இல்லாததால், கூட்டாளிகளே பெரியவர்களாகிப் பெண் பார்க்கக் கிளம்பினார்கள்.

பெண்ணின் அப்பா பிச்சைக்கண்ணு வாசலில் நின்று, "வாங்க, வாங்க" என்று கும்பிட்டார். வண்டி அவரைக் கடந்து போய்விட்டது. தெருவைச் சுற்றிக்கொண்டு திரும்ப வந்தது. மறுபடி கும்பிட்டார். மறுபடி போய்விட்டது.

"மாப்பிள்ளை ஊர்ல இது வழக்கம் போல" என்று பக்கத்து வீட்டுக்காரர் மெல்லச் சொன்னார். பிச்சைக்கண்ணுவும் சளைக்காமல் ஒவ்வொரு சுற்றுக்கும் கும்பிட்டார். கடைசியில் வைக்கோல் போர் ஒன்று வண்டியை நிறுத்தி வைத்தது.

முடியெல்லாம் வைக்கோலாக மூவரும் எழுந்து, வண்டியை முற்றத்துக்கு உருட்டி வந்தார்கள். அப்போதுதான் ஒரு சங்கடம் தெரிந்தது. அன்றைக்கு ஸ்டாண்டு முறை பொன்னம்பலத்துடையது.

"எலே, நான்லா பொண்ணு பாக்கணும்?"

"நீதான் பாக்கணும். இல்லைன்னு யாரு சொன்னா? ஆனா முறை உன்னுது" என்றான் காத்தவராயன்.

சத்தியம் சத்தியம்தான். இருவரும் உள்ளே போய்க் கேசரிக்கு முன்னால் உட்கார்ந்தார்கள்.

"மாப்பிள்ளை எங்க தம்பி?"

"வெளியில ஸ்டாண்டா நிக்காரு மாமா."

பிச்சைக்கண்ணுவுக்குப் புரியவில்லை. காட்டிக்கொள்ளவும் இல்லை. "வேலை பெர்மனென்டா?"

"இல்ல மாமா, முறை வச்சு. நாளைக்கு நான்" என்றான் சப்பாணிமுத்து பெருமையாக.

ஜன்னல் வழியே மரகதவல்லி எட்டிப் பார்த்தாள். மரியாதையாகக் கும்பிடலாம் என்று பொன்னம்பலம் இரண்டு கையையும் எடுத்தான். வண்டி காலில் விழுந்தது. கண்ணீரை அடக்கிக்கொண்டு, சிரித்தபடியே தூக்கி நிறுத்தினான்.

அவள் வெளியே வந்தாள். "எதுக்கு அதைப் பிடிச்சிக்கிட்டே நிக்கீங்க?"

"விட்டா விழுந்துருங்க."

"அந்தச் செவுத்துல சாச்சு வைக்கலாம்லா?"

சாய்த்தான். கையை ஏந்தியபடியே காத்திருந்தான். வண்டி விழவில்லை.

"ஏலே, ஓடி வாங்க!"

கூட்டாளிகள் கேசரிக் கையோடு வந்து, சுவரையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார்கள். காத்தவராயன் சுவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "இத்தனை நாள் நாம நின்னோமே! மாமா, பொண்ணு பெரிய அறிவாளி. இப்பமே முடிச்சிருவோம்."

பிச்சைக்கண்ணு மகளைப் பார்த்தார். கூப்பிட்டதும் ஓடி வரத் தெரிந்த கூட்டாளிகள் உள்ளவன் மோசமானவனாக இருக்க மாட்டான் என்று அவளுக்குப் பட்டது. தலையாட்டினாள்.

"சரி, சீரு என்ன வேணும்?" என்றார் அவர்.

மூவரும் தலையோடு தலை சேர்த்துப் பேசினார்கள்.

"நகை நட்டு ஒண்ணும் வேண்டாம் மாமா. இந்தச் செவுரு மட்டும் போதும்."

பிச்சைக்கண்ணு கன்னத்தில் கை வைத்து யோசித்தார். "தந்துருவேன். ஆனா அந்தப் பக்கம் எங்க அண்ணன் வீடு. ஒரு வார்த்தை கேக்கணும்."

அண்ணன் சிவனணைந்தான் வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"நம்ம பொண்ணுக்குன்னா தாராளமாக் குடுப்போம். ஆனா என் பக்கத்துல தினசரிக் காலண்டர் தொங்குது. செவுத்தை எடுத்துட்டா நான் தேதியை எங்க போய்க் கிழிக்க? வருஷம் முடியட்டும், எடுத்துக்கோங்க."

நியாயமான பேச்சு. ஆனால் பொன்னம்பலத்தின் முகம் வாடிவிட்டது. "இன்னும் நாலு மாசம் இருக்கே பெரிய மாமா... சீக்கிரம் முடிக்க வழி இல்லையா?"

சிவனணைந்தான் இளகிய மனசுக்காரர். உள்ளே போனார். சரசரவென்று ஒரு சத்தம். மிச்சமிருந்த தாள்கள் அத்தனையையும் அள்ளிக்கொண்டு வெளியே வந்தார்.

"முடிஞ்சுட்டு மாப்பிள்ளை!"

பின்னாலேயே அவர் மனைவி பதறிக்கொண்டு ஓடி வந்தாள். "ஐயையோ, அப்போ பொங்கல் வந்துட்டே! இன்னும் வெள்ளையடிக்கலையே!"

மூன்று கூட்டாளிகளும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுண்ணாம்பு வாளியோடு இறங்கினார்கள். பொழுது சாய்வதற்குள் சுவர் பளிச்சென்று ஆனது. உடனே கடப்பாரையைத் தூக்கிய பொன்னம்பலத்தின் கையைச் சிவனணைந்தான் பிடித்துக்கொண்டார்.

"அவசரப்படாதீங்க மாப்பிள்ளை. நல்லாக் காயட்டும். ஈரத்தோட இடிச்சா சட்டையில ஒட்டும்."